கலரும் இழுவையும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு விலை வைக்கும்போது முக்கியமாக மூன்று விஷயம் பார்ப்பார்கள். காயின் பருமன், லிட்டர் எடை, நிறம். லிட்டர் எடை என்றால் ஒரு லிட்டர் அளவுப் பாத்திரம் நிறையக் காயைக் கொட்டி நிறுத்தால் எத்தனை கிராம் வருகிறது என்பது. வெளியே உருட்டாக இருந்து உள்ளே விதை நிறையாத காயை எடை காட்டிக்கொடுத்துவிடும். உயர்ந்த ரகமான 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு'க்கு 7 மில்லிமீட்டர் பருமனும் லிட்டருக்கு 435 கிராம் எடையும் வேண்டும். அந்தப் பெயரை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஊர் பெயருக்கு அடுத்து நிறம் வந்துவிடுகிறது. பருமன் அதற்கப்புறம்தான்.

நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் முன்னால் மாதிரிக் காய் வரும். கையில் அள்ளி, உருட்டி, ஒன்றைப் பிளந்து பார்த்துவிட்டு விலை போடுவார்கள். பச்சை கொஞ்சம் வெளுத்திருந்தால் விலை இறங்கிவிடும். அந்தப் பச்சையைக் காப்பாற்றத்தான் மலையில் ஸ்டோர் என்று சொல்கிற உலர்த்தும் அறையில் ராத்திரி பூரா ஆள் விழித்திருக்கிறார்கள். சூடு கூடினால் பச்சை போய்விடும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். 45, 50 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பச்சை மேல் உள்ள ஆசையில் சாயம் ஏற்றி விற்கிற ஆட்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம்.

இவ்வளவு நிறம் பார்க்கிற ஊர், வண்டி வாங்கப் போனால் மட்டும் ஒரே குரலில் சொல்கிறது: "கலரப் பாக்காதீங்க, இழுவையப் பாருங்க."

இந்த வருஷம் எங்கள் வீட்டில் முதல்முறையாகப் புது வண்டி வாங்கினோம். அப்பா வண்டி ஓட்டியே வளர்த்த வீடு. அவர் கையில் மூன்று ஜீப் இருந்திருக்கிறது, மூன்றும் இரண்டாம் கையோ மூன்றாம் கையோ. எங்களுக்கு முன்னால் யாரோ ஒருத்தர் தேர்ந்தெடுத்த நிறத்தில்தான் நாங்கள் ஏறினோம். பழைய வண்டி வாங்குகிறவன் எஞ்சினைக் கேட்பான், சேஸிஸைத் தட்டிப் பார்ப்பான், ஆயில் கசிவு பார்ப்பான். கலர் என்பது வண்டியோடு வருவது, வாடகை வீட்டுச் சுவர் மாதிரி. அதனால் ஷோரூமில் அந்தப் பையன் "என்ன கலர் சார் பாக்கறீங்க?" என்று கேட்டபோது அப்பாவுக்குப் பதில் வரவில்லை. அறுபது வயசில் அந்தக் கேள்வியை அவர் முதல்தடவையாகக் கேட்கிறார்.

பதில் சொன்னது அம்மா. "செவப்பு."

சிவப்பு இருந்தது. ஆனால் சின்ன எஞ்சினில், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியில்தான் கையிருப்பு. அப்பா கேட்ட பெரிய டீசல் எஞ்சின், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, உடனே வேண்டுமென்றால் சாம்பல் நிறம். அதிலேயே சிவப்பு வேண்டுமென்றால் ஐந்து மாசம் காத்திருக்க வேண்டும். ஐந்து மாசம் என்றால் ஆடி போய், ஆவணி போய், காய் எடுப்பில் பாதி முடிந்திருக்கும். ஆடியில் எங்கள் பக்கம் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆனிக்குள் எடுத்தாக வேண்டும்.

இரண்டு எஞ்சினுக்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தில் இரும்பை விட வரி அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1500 சிசிக்குள் டீசல் எஞ்சினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்தக் கோட்டைத் தாண்டினால் 40. நம் ஊர்ச் சாலைகளில் இத்தனை வண்டிகள் ஒரே நீளத்தில், ஒரே எஞ்சின் அளவில் ஓடுவதற்கு இந்தக் கோடு ஒரு பெரிய காரணம். மலை எவ்வளவு செங்குத்து என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

மலைக்குத் தெரிந்தது வேறு. போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத பழைய எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். அப்பா ஓட்டிய முதல் ஜீப்பில் இருந்தது பியூஜோ எஞ்சின், 2.1 லிட்டர் டீசல். மேலே போகப் போக மூச்சு வாங்கும் என்பார். பிறகு வந்த டிஐ எஞ்சின் 2.5 லிட்டர், சத்தம் அதிகம், ஆனால் இரண்டாவது கியரிலேயே முனகாமல் ஏறும். இன்றைய டர்போ எஞ்சின்கள் மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடுகின்றன. தார் ரோட்டில் சின்ன எஞ்சினே தாராளமாகப் போதும். சிக்கல் போடிமெட்டுக்கு அப்புறம், பூப்பாறை பக்கம் தார் ரோட்டை விட்டு ஏலத்தோட்டத்துக்குள் இறங்குகிற இடத்தில் ஆரம்பிக்கிறது.

அங்கே நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒன்றரை ஏக்கருக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் பாதையாக இருக்காது. செம்மண் குழம்பு, நடுவில் நீர் அறுத்த பள்ளம், ஒரு பக்கம் சரிவு. அந்த இடத்தில் மெதுவாக, சக்கரம் சுழலாமல் இழுக்கிற சக்திதான் வேண்டும். பின் சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றினால் எத்தனை குதிரைச் சக்தி இருந்தும் பயனில்லை. இறங்கும்போது இன்னும் மோசம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இறக்க வேண்டும்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாசத் தவணை கட்டப்போவது நான், கணக்குப் போடும் உரிமை எனக்கு உண்டு என்று நினைப்பு. "வருஷத்துல அந்தச் சேத்துப் பாதைக்கு எத்தனை நாளுப்பா போவீங்க? இருபது நாளு. மிச்ச முந்நூத்தி நாப்பத்தஞ்சு நாளும் தார் ரோடுதான். இருபது நாளுக்காக அவ்வளவு வரி கட்டணுமா?"

அப்பா சொன்னார்: "அந்த இருபது நாள்லதான தம்பி காய் எறங்குது."

இதுவரைக்கும் எஞ்சின் கட்சிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள், எதிர்வீட்டு மெக்கானிக் அண்ணன், எல்லாரும் அந்தக் கட்சி. அம்மாவின் சிவப்பை யாரும் எதிர்க்கக்கூட இல்லை. சிரித்தார்கள். "அக்காவுக்குக் கலரு கேக்குது!" என்று ஒரு மாமா சொன்னார். சேலைக் கடையில் கேட்க வேண்டியதை இங்கே கேட்டுவிட்டாள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

அம்மா முப்பது வருஷம் காய் எடுத்தவள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டி, ஐந்து மணிக்கு ஜீப்புக்கு நிற்பாள். போடி, சிலமலை, தேவாரம், கம்பம் என்று இந்த மாவட்டத்தின் அடிவாரம் முழுக்க அந்த நேரத்தில் ஜீப்புகள் கிளம்பிக்கொண்டிருக்கும். அளவுக்கு மீறி ஆட்களை அடைத்துக்கொண்டு மாநில எல்லை தாண்டிப் போய், சாயந்தரம் திரும்பி வரும். எங்கள் செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கத்தில் ஜீப் விபத்து என்பது மழை மாதிரி ஒரு பருவச் செய்தி. முப்பது வருஷத்தில் முன் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அது கங்காணிக்கும் டிரைவருக்குத் தெரிந்தவர்களுக்கும்.

அந்த இருட்டில், பனியில், இருபது ஜீப் நிற்கிற இடத்தில் தன் ஜீப் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? அம்மாவுக்கு நம்பர் பிளேட் படிக்க வராது. பச்சை ஜீப்பு, நீல ஜீப்பு, கண்ணாடியில் மஞ்சள் பூப் போட்டிருக்கும் ஜீப்பு. மலையில் வேலை முடிந்து ரோட்டோரம் நிற்கும்போதும் அப்படித்தான். மூடுபனியில் முதலில் லைட்டு வரும், அப்புறம் ஒரு நிறம் வரும், அதற்கப்புறம்தான் வண்டி வரும். "வெள்ள ஜீப்பும் சாம்பக் கலரும் பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் தெரியாது. செவப்பு தூரத்துலயே தெரியும்" என்றாள்.

இதை ஒரு பல்கலைக்கழகமும் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் கார்களைவிடக் கறுப்புக் கார்களுக்கு விபத்து அபாயம் சுமார் 12 சதவீதம் அதிகம் என்றது. சாம்பலும் வெள்ளியும் கறுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தன. பளிச்சென்ற வெயில் நாட்டில் வெள்ளை நல்ல நிறமாக இருக்கலாம். போடிமெட்டு பனியில் வெள்ளை பனியோடு பனி. அமெரிக்காவில் 1939இல் பள்ளிப் பேருந்துக்கு மஞ்சளைத் தேர்ந்தெடுத்ததும் அழகுக்காக இல்லை, விடியற்காலை மங்கலில் தெரிய வேண்டும் என்றுதான். ஆக, கலர் என்பதும் வண்டியின் ஒரு பாகம். அதுவும் வேலை செய்கிறது.

இதை நான் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். ஆனால் அம்மா அதில் திருப்திப்படவில்லை. என் வாதம் அவளுக்கு உதவி செய்கிற மாதிரி இருந்தாலும் அவள் ஆசையை வேறு ஒன்றாக மாற்றிவிட்டது போல. "தெரியும்ங்கிறதுக்காக மட்டும் கேக்கலப்பா" என்றாள். "எனக்குப் புடிக்கும். அவ்வளவுதான்."

அப்புறம் சமையற்கட்டிலிருந்தே சொன்னாள்: "கலரு பாக்காதங்கிறானுக. ஏலக்காய்க்குக் கலரு பாத்துத்தான வெல வைக்கிறானுக. நான் எடுத்த காய்க்கெல்லாம் கலரு பாத்தானுகள்ல?"

காய் எடுப்பதில் ஒரு பக்குவம் உண்டு. பிஞ்சைப் பறித்தால் சுருங்கிப்போகும். பழுக்க விட்டால் தோல் மஞ்சளாகி, உலர்த்தும்போது வெடிக்கும். நடுவில் கரிங்காய் என்று ஒரு பருவம். உள்ளே விதை கறுத்திருக்கும், வெளியே தோல் இன்னும் பச்சையாகவே இருக்கும். காய்கள் செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரத்தில் இருப்பதால் குத்தவைத்து உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பிளந்து பார்க்க முடியாது. அந்தப் பச்சையில் உள்ள ஒரு சின்ன வித்தியாசத்தை வைத்து உள்ளே கறுத்துவிட்டதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைத்தான் அம்மா முப்பது வருஷம் செய்தாள். அவளுக்கு நிறம் மேல்பூச்சு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிற ஒரே அடையாளம். 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாய்க்குக் காய் போனபோது ஊரே பேசியது. அந்த வருஷமும் அவள் கூலி அன்றாடக் கூலிதான். விலையைக் கூட்டிக்கொடுத்த கண் அவளுடையது. விலை வேறு ஆளுக்கு.

தேவை, ஆசை என்று இரண்டு கட்டம் போட்டு, எஞ்சினை முதலாவதிலும் நிறத்தை இரண்டாவதிலும் வைப்பது நமக்கு ரொம்பச் சுலபமாக வருகிறது. கஷ்டப்பட்ட வீடுகளில் அது ஒரு ஒழுக்கமாகவே வளர்க்கப்படுகிறது. ஆசை முதலில் பெண்களிடமிருந்து வெட்டப்படும். அதைப் பெருமையாகவும் சொல்வோம்: "எங்கம்மா தனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்ல." கேட்டிருக்க மாட்டார்களா, கேட்டது நம் காதில் விழவில்லையா என்று யாரும் பார்ப்பதில்லை.

சாலையில் வெள்ளையும் சாம்பலுமாக ஓடுகிற வண்டிகளைப் பார்க்கும்போது இப்போது எனக்கு ஒரு எண்ணம் வருகிறது. அத்தனை பேருக்கும் அந்த நிறம் பிடித்துத்தான் வாங்கினார்களா? மறுவிற்பனை நல்லா இருக்கும், அழுக்கு தெரியாது, கையிருப்பில் இருந்தது. வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகிறவனுக்காக நிறம் பார்க்கிறோம்.

எடுத்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நிறம் ஆர்சி புத்தகத்தில் பதிவாகிறது. மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லித் திருத்த வேண்டும். பெயின்ட் செலவு தனி. அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முடிவை அம்மாதான் சொன்னாள். "பெரிய எஞ்சினயே எடுங்க. ஒங்கப்பா அந்தச் சரிவுல எறங்கி ஏறணும். எனக்கு அவரு திரும்பி வரணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா எனக்குக் கலரு வேணாம்னு சொல்லிட்டேன்னு மட்டும் எவங்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

முன்பதிவுப் படிவத்தில் நிறத்துக்கு இரண்டு கட்டம் இருந்தது. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம். அந்தப் பையன் இரண்டிலும் சாம்பல் என்று எழுதப் போனான். அம்மா என் தோளைத் தொட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"மொத விருப்பம்னுதான கேட்டிருக்கு? செவப்புன்னு எழுதச் சொல்லு."

"இல்லம்மா, ஸ்டாக் கிரேதான். சிஸ்டத்துல அப்படிப் போட்டாத்தான் அலாட் ஆகும்" என்றான்.

"சிஸ்டத்துல நீ என்ன வேணாப் போடுப்பா. இந்தத் தாள்ல செவப்புன்னு எழுது."

எழுதினான். அப்பா கையெழுத்துப் போட்டார். நகல் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. வண்டி சாம்பல் நிறம். போன வாரம் மழையில் அந்தச் சரிவில் எட்டு மூட்டை பச்சைக் காயோடு ஏறி வந்தது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.