குரல் போகுமுன்...

என் மாமியாருக்கு வயது எண்பது. மதுரையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவங்க தாலாட்டில் உறங்கியவர்கள்தாம். இப்போது மூச்சு வாங்குகிறது. குரல் போகுமுன் பதிந்து வைக்க நினைத்தேன். ஸ்டூடியோ வாடகைக்கு எங்கே போக?

“தாலாட்டைப் போயா?” என்று சிரிச்சாங்க.

“எடிசன் 1877-ல் தன் கருவியில் முதலில் பதிந்ததே குழந்தைப் பாட்டுதான், அத்தை!” என்றேன்.

வெற்றுச் சுவரில் பட்டால் ஒலி எதிரொலிக்கும்; துணி அதை உறிஞ்சும். கொடி கட்டி, மூன்று பக்கமும் ஜமக்காளம், சுங்குடிப் புடவைகளை மடித்துத் தொங்கவிட்டேன். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி செல்போன். மூச்சுக்காற்று மோதாமலிருக்க, நடுவே எம்ப்ராய்டரி வளையத்தில் மெல்லிய துணி. செலவு, கொடிக்கயிறு மட்டுமே!

பஸ் ஓடுமுன், விடிகாலை நாலு மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆரம்பித்தோம். பாதிப் பாட்டில் இருமல்.

“மறுபடி பாடுறீங்களா அத்தை?”

“இருக்கட்டும் தாயி. இருமலும் என் குரல்தானே!”

அழிக்கவில்லை. உங்கள் வீட்டுப் பாட்டியின் குரல் பத்திரமா, சகோதரிகளே?