நடுவில் இருந்த முகம்

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் தன் கணினியைத் திருப்பி இரண்டு படங்களைக் காட்டினார். இடப்பக்கம் என் பக்கவாட்டு முகம். வலப்பக்கம், மென்பொருள் வரைந்து காட்டிய, இனி வரப்போகும் முகம். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்குள் நான் ஏறக்குறைய ஒரு வருடம் குடியிருந்தேன். அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "கொஞ்சம் வீக்கம் இருக்கும்மா."

எனக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது. கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே நிற்கும். கொய்யாப்பழத்தை முன்பல்லால் கடித்ததே கிடையாது. பொங்கலுக்குக் கரும்பை எல்லோரும் முன்னால் பிடித்து உரிப்பார்கள், நான் கடைவாயில் வைத்து நாய் மாதிரி இழுப்பேன். பள்ளியில் என் பெயர் தாவாக்கட்டை. கொஞ்சம் வளர்ந்த பிறகு, "ஆம்பள மூஞ்சி". அதே தாடை என் அண்ணனுக்கும் உண்டு. அவன் முகத்தை யாரும் எதுவும் சொன்னதில்லை. தாடி வைத்துக்கொண்டான், கம்பீரம் என்றார்கள்.

ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கும் இதே தாடைதான். வெலாஸ்கெஸ் வரைந்த நான்காம் பிலிப்பின் ஓவியங்களைப் பார்த்தால் என் பெரியப்பா பட்டு உடுத்தி நிற்பதுபோல இருக்கும். அவர் மகன் இரண்டாம் சார்லஸுக்கு உணவை மெல்லவே முடியாதாம். ஆனாலும் 1700இல் சாகும்வரை அவர் ராஜாதான். எனக்கோ, பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும்மா" என்றார். திரும்பினேன். "சரிம்மா, போதும்" என்றார். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு.

அதன் பிறகுதான் அம்மா ஆபரேஷன் பேச்சை எடுத்தார். நான் ஏழு வருடம் மறுத்தேன். கல்யாணத்துக்காக எலும்பை அறுத்துக்கொள்ள மாட்டேன் என்று வீம்பாகச் சொன்னேன். பிறகு தாடை மூட்டில் வலி வந்தது. வாயைத் திறந்தால் காதுக்குப் பக்கத்தில் சடக் என்று சத்தம் கேட்கும். நான் தமிழாசிரியை, ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு பேச வேண்டும். மூன்றாவது வகுப்பிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனவே என் சம்பளத்தில், ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, நானே முடிவு செய்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றேன். "அப்ப சரியான நேரத்துலதான் வந்திருக்கீங்க" என்றார். மூட்டுவலி என்று நான் எழுதிக்கொண்டு போன தாளை அவர் படித்தாரா என்று இன்றுவரை தெரியாது. அம்மாவுக்கு என் வலியில் வருத்தம், என் முடிவில் மகிழ்ச்சி. இரண்டையும் மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்றரை வருடம் பல்லில் கம்பி. கம்பி போட்டால் அழகாகும் என்றுதானே நினைப்போம்? எனக்கு இன்னும் மோசமானது. தாடைக்கு ஏற்றபடி இத்தனை காலம் சாய்ந்து சமாளித்துக்கொண்டிருந்த பற்களை முதலில் நேராக நிறுத்துகிறார்கள். அப்போதுதான் தாடையின் உண்மையான இடைவெளி வெளியே வரும். பிறகு அறுவை. மேல்தாடையை மூக்குக்குக் கீழே கிடையாக அறுத்து முன்னால் நகர்த்தினார்கள். கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் எலும்பின் கனத்திலேயே பிளந்து பின்னால் தள்ளினார்கள். டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பூட்டினார்கள். எல்லாமே வாய்க்குள்ளிருந்து செய்வது. வெளியே தழும்பு விழாத இந்த முறையை 1950களில் உருவாக்கியவர் ஹ்யூகோ ஓப்வெகேசர் என்ற மருத்துவர். தழும்பு இல்லை என்பதை என்னிடம் எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் குளியலறையில் கண்ணாடி பார்த்தேன். முதல் நாளைவிட மூன்றாம் நாள்தான் வீக்கம் அதிகம் என்பது எனக்குத் தெரியாது. குறைந்திருக்கும் என்று நம்பிப் போனேன். முகம் நீளத்தைவிட அகலமாக இருந்தது. கன்னம் கழுத்தோடு ஒட்டி, தாடை என்ற ஒன்றே இல்லை. மூக்கு பரந்து மேல்நோக்கிப் பார்த்தது. உதடுகள் வேறு யாருடையவோ. அழுகை வந்தது, ஆனால் அழுவதற்கான தசைகள் அசையவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. அது கன்னத்தில் இறங்கிய பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உணர்வில்லை.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. எலும்பைப் பிளக்கும்போது அது நசுங்கும், இழுபடும். அதனால் கீழுதடும் நாடியும் மரத்துப்போகும். கஞ்சி வழிந்து ரவிக்கை நனைந்த பிறகுதான் வழிந்ததே தெரியும். மேலும் கீழுமாக ரப்பர் மாட்டி வாயைக் கட்டியிருந்தார்கள். வாந்தி வந்தால் ரப்பரை வெட்ட ஒரு சின்னக் கத்தரிக்கோல் கொடுத்தார்கள். அம்மா அதை நாடாவில் கோத்துத் தன் கழுத்தில் தாலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கேப்பைக் கூழ், மோர். பெரிய ஊசிக்குழாயில் ரப்பர்க்குழல் செருகி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுச் சிறுகச் சிறுக அமுக்குவார். ஆறு கிலோ இளைத்தேன். முகம் மட்டும் குண்டு.

பிறகு நிறங்கள் வந்தன. கண்ணுக்குக் கீழே கருநீலம். அது பச்சையாகி, ஓரத்தில் மஞ்சளாகி, நாளுக்கு நாள் கீழே இறங்கியது. கன்னத்தில் இருந்த ரத்தக்கட்டு கழுத்துக்கு வந்து, ஒரு நாள் காலையில் நெஞ்சின்மேல் மஞ்சளாகக் கிடந்தது. காயத்துக்குக்கூடப் புவியீர்ப்பு உண்டு. எந்த நிறம் எத்தனையாவது நாள் என்று எனக்கு மனப்பாடம்.

எட்டாம் வகுப்பில் எழுத்துகளின் பிறப்பு என்று ஒரு பாடம் நடத்துவேன். மேலுதடும் கீழுதடும் பொருந்தினால் பகரமும் மகரமும். மேல்பல்லைக் கீழுதடு பொருந்தினால் வகரம். என் பழைய வாயில் வகரம் தலைகீழாகத்தான் பிறந்தது, கீழ்ப்பல் மேலுதட்டைத் தொட்டு. பிள்ளைகள் அதை விளையாட்டாகச் செய்து காட்டிச் சிரிப்பார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்து. இப்போது மூன்று எழுத்துமே போய்விட்டன. உதடு பொருந்தியதா இல்லையா என்பதே தெரியாதபோது எப்படிச் சொல்வது? அம்மா என்று வரவில்லை. அப்பத்தா என்று வரவில்லை. "அத்தா" என்றுதான் கூப்பிட்டேன்.

பதினாறாம் நாள் பரிசோதனை. அம்மாவுக்குக் காய்ச்சல். நான் தனியாக மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ், நெரிசல். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தார், உடனே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிரே நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வாரம் மருந்துக் கடைப் பையனும் இப்படித்தான், வலி மாத்திரையைக் காகிதப்பையில் போட்டு, கண்ணைத் தூக்காமலே சில்லறை கொடுத்தான். என் அவலட்சணத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் திரும்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவலட்சணத்துக்காக முகம் திருப்பப்படுவது எனக்குப் பழக்கம்.

பக்கத்தில் மல்லிகைக் கூடையோடு ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். மூன்று நிறுத்தம் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு காதருகே குனிந்து கேட்டார்:

"வீட்டுக்காரனா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தலையை வேகமாக ஆட்டினேன். ஆபரேஷன் என்று சொல்லப் பார்த்தேன். பகரம் வராமல் "ஆ… ரேசன்" என்று காற்றுதான் வந்தது. செல்போனில் எழுதிக் காட்டினேன். "எனக்குப் படிக்கத் தெரியாது ஆத்தா" என்றார். கையால் தாடையை வெட்டுவதுபோலச் சைகை செய்தேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று.

"நானும் படியில விழுந்துட்டேன்னுதான் சொன்னேன்" என்றார். முந்தானையை விலக்கி, புருவத்துக்கு மேலே ஒரு பழைய வெட்டைக் காட்டினார். "ஒரு தரம் இல்ல. ஏழெட்டு தரம் படியில விழுந்திருக்கேன். எங்க வீட்டுல படியே கெடயாது."

பிறகு கேட்டார்: "பொறந்த வீடு இருக்கா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். அது உண்மை.

"இருந்தா போயிரு. நிக்காத."

இறங்கும்போது ஒரு முழம் பூவைக் கிள்ளி என் மடியில் போட்டார். காசு எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரி வரும்வரை அந்தப் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சேர வேண்டாத ஒன்றை வாங்கிக்கொண்ட கூச்சம். அதற்குக் கீழே கோபம், கண்டக்டர் மேல், அந்தப் பெண்கள் மேல், மருந்துக் கடைப் பையன் மேல். அவர்கள் முகம் திருப்பியது வேறு காரணத்துக்காக என்று இப்போது தெரிந்தது. ஒரு பெண்ணின் முகம் வீங்கி நீலமாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது 2005இல். இதையெல்லாம் நான் மகளிர் தினப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த முகத்தோடு வெளியே போன மூன்று வாரத்தில் வாயைத் திறந்து என்னிடம் கேட்டது ஒரே ஒருத்தி.

வீட்டில் வேறு கதை. அம்மா சொந்தக்காரர்களிடம் பல்வைத்தியம் என்று சொல்லி யாரையும் வரவிடவில்லை. ஆறாவது வாரம் கன்ன எலும்பு தெரிய ஆரம்பித்ததும், "ஸ்டூடியோவுல ஒரு போட்டோ எடுத்துரலாமா புள்ள?" என்றார். பெரிய வீக்கம் சில வாரத்தில் வடிந்துவிடும், கடைசி மிச்சம் வடிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அப்போது கைகொடுத்தது. வீக்கம் போகவில்லை என்றேன். தரகர் போன் செய்தார். வீக்கம் போகவில்லை. சித்தி ஒரு வரன் கொண்டுவந்தார். வீக்கம். என் வாழ்க்கையில் யாரும் என்னைத் திரும்பச் சொல்லிப் பார்க்காத ஒரே வருடம் அது. கொஞ்சம் பொய்யாகக்கூட நீட்டித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

கஷ்டமாக இருந்தது அப்பத்தாவிடம்தான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, பார்வை மங்கல். முகத்தைத் தடவித்தான் ஆளைத் தெரிந்துகொள்வார். நான் மூன்றாவது மாதம்தான் கிராமத்துக்குப் போனேன். நெற்றியிலிருந்து கையை இறக்கி, கன்னத்துக்கு வந்து, நாடியில் நின்றார். மறுபடி தடவினார். அவர் விரல் படுவது கன்னத்தில் தெரிந்தது, நாடிக்கு வந்ததும் காணாமல் போனது.

"எங்கடி போச்சு?" என்றார்.

அது அவருடைய தாடை. அவரிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து எங்கள் இரண்டு பேருக்கும். பிறந்த குழந்தையை ஏந்தி, "என் நாடிய எடுத்துட்டு வந்துருச்சு" என்று அவர் ஊரெல்லாம் சொன்ன கதை எனக்குத் தெரியும்.

"வலிச்சது அப்பத்தா, அதான்" என்றேன். பகரம் அன்றைக்குச் சரியாக வந்தது.

"அதச் சொல்லு" என்றார். கையை எடுக்கவில்லை. "எனக்கும் வலிக்கும். யாரு கேட்டா?"

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. கொய்யாவைக் கடிக்கிறேன். வகுப்பில் கன்னத்தைப் பிடிப்பதில்லை. இடது நாடியில் ஒரு ரூபாய்க் காசளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. முகம் அந்த வலப்பக்கப் படம் மாதிரி கிட்டத்தட்ட வந்துவிட்டது, அழகாக இருக்கிறது என்கிறார்கள். அதைக் கேட்கப் பிடித்தும் இருக்கிறது, பிடித்திருப்பது பிடிக்கவும் இல்லை. அதே பஸ்ஸில் பலமுறை போய்விட்டேன். பூக்கார அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவருக்கு என்னைத் தெரியாது.

போன மாதம் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட ஒரு மாணவியின் அம்மா வந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. "பல்லு வலி டீச்சர்" என்றார். கண்ணுக்குக் கீழே, பவுடருக்கு அடியில், ஓரம் மஞ்சளாகிக்கொண்டிருந்த பச்சை. பல்வலிக்கு அந்த நிறம் வராது. அது எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ.

மகளை வெளியே தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, "பொறந்த வீடு இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எல்லாரும் நல்லா இருக்காங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடம் எது என்று கேட்டார். காட்டினேன். 181 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அட்டைக்குள் வைத்தேன். என் போன் நம்பரையும் கீழே எழுதினேன். அவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, நான்காக மடித்து, பர்ஸுக்குள் வைக்காமல், கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எழுந்தார்.