பார்த்தால் பாஸ், பார்க்காவிட்டால் ஃபெயில்!

டேப்ரெக்கார்டரில் பாட்டைப் பதிவு பண்ணித் திரும்பப் போட்டுக் கேட்டவர்களுக்கு இந்த சமாசாரம் சுலபமாகப் புரியும். கம்ப்யூட்டரில் நீங்கள் எங்கே க்ளிக் பண்ணுகிறீர்கள், என்ன டைப் அடிக்கிறீர்கள் என்பதையெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் குறித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் 'ப்ளே' தட்டினால், அதையே தானாகச் செய்து காட்டும். நூறு தடவை செய்யச் சொன்னாலும் முகம் சுளிக்காது. நடுவில் டீ குடிக்கப் போகாது. டெஸ்ட்டிங் ஆசாமிகளுக்கு வேறென்ன வேண்டும்?

1990-களில் இந்தத் தொழிலில் பெரிய பெயர் மெர்க்குரி கம்பெனியின் 'வின்ரன்னர்'. 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் ஒரு புது டூல் எழுதினார். மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச விஷத்துக்கு மருந்து செலினியம் என்று கிண்டலாகச் சொல்லப்போக, அதுவே டூலுக்குப் பெயராகிவிட்டது. 2006-ல் ஷின்யா கசதானி என்ற ஜப்பானியர் அதற்கு ஒரு ரெக்கார்டர் செய்து கொடுத்தார். 2017-ல் ஃபயர்ஃபாக்ஸ் 55 வந்ததும் அந்த ரெக்கார்டர் பொசுக்கென்று படுத்துவிட்டது. மறுபடி புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

பதிவு பண்ணுவது பத்து நிமிஷ வேலை. அது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பத்து நாள் வேலை.

வியாதிகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். பட்டனுக்குப் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் புது ஐடி கொடுக்கும். டூல் பழைய ஐடியைத் தேடிக்கொண்டு நிற்கும். திரை வருவதற்கு முன்பே அவசரப்பட்டு க்ளிக் பண்ணும். நேற்று 'குமார்' என்று ஒரு வாடிக்கையாளரைச் சேர்த்திருக்கும். இன்றும் அதே குமாரைச் சேர்க்கப் போய் 'ஏற்கெனவே இருக்கிறார்' என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும். இதற்கெல்லாம் மருந்து உண்டு.

எங்கள் ஆபீஸில் வந்தது வேறு மாதிரி வியாதி.

டீமில் ஒரு சாத்தூர்ப் பையன். கான்ட்ராக்ட் வேலை. வெள்ளிக்கிழமையோடு கான்ட்ராக்ட் முடிகிறது, நீட்டிப்பார்களா என்று தெரியாது. ஒரு பில்லிங் சாஃப்ட்வேருக்கு நாற்பது டெஸ்ட் பதிவு பண்ணியிருந்தான். வேறொரு மாடியில் இருக்கும் மெஷினில், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக. பகலில் நாற்பதும் பச்சை. ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓட விட்டால் நாற்பதும் சிவப்பு. தொடர்ந்து ஐந்து ராத்திரி இதே கதை.

லீடர் முடிவே கட்டிவிட்டார். "டெமோ மட்டும் ஜோரா காட்றான். உள்ளே ஒண்ணும் இல்லை."

பையன் என் சீட்டுக்கு வந்தான். "அண்ணா, நான் பாத்துக்கிட்டே இருந்தா ஓடுது. கண்ணை எடுத்தா படுத்துக்குது."

"பால் காய்ச்சற மாதிரின்னு சொல்லு."

சிரிக்கவில்லை. ஊரில் தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது.

முதலில் ஐடிகளைப் பார்த்தோம். சரியாக இருந்தன. காத்திருக்கும் நேரத்தை ஐந்து விநாடியிலிருந்து முப்பதாக்கினோம். ராத்திரி அதே சிவப்பு, கொஞ்சம் தாமதமாக. மூன்றாவதாகத்தான், ஃபெயில் ஆகும்போது டூல் எடுத்து வைக்கும் திரைப் படங்களைத் திறந்தோம். நாற்பதும் கரிக்கட்டை மாதிரி ஒரே கறுப்பு. எர்ரர் மெசேஜ்கூட இல்லை.

"ராத்திரி வீட்டுக்குப் போறப்ப என்ன பண்ணுவே?"

"ரிமோட் விண்டோவை மூடிட்டுப் போவேன்ணா."

பட்டப்பகலில் டெஸ்ட்டை ஓட விட்டு, நடுவில் 11.20-க்கு விண்டோவை மூடினோம். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தோம். 11.20-க்கே சரியாக ஃபெயில்!

விஷயம் இதுதான். ரிமோட் இணைப்பைத் துண்டித்தால் அந்த மெஷினில் புரோகிராம்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் திரையை வரைவதை விண்டோஸ் நிறுத்திவிடும். திரையே இல்லாதபோது மவுஸ் எதைக் க்ளிக் பண்ணும்? இணைப்பைத் துண்டிக்கும்போது 'டிஎஸ்கான்' என்ற கட்டளையால் அந்த செஷனை மெஷினின் சொந்தத் திரைக்கே திருப்பிவிட்டால் போதும். ஒரே வரி. ஆனால் மெஷின் பூட்டாமல் திறந்தே கிடக்கும். செக்யூரிட்டிக்காரர்கள் குதிப்பார்கள், குதித்தார்கள். மெஷினைப் பூட்டிய அறைக்குள் வைத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது.

வியாழன் ராத்திரி நாற்பதும் பச்சை. லீடர் பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'இஷ்யூ க்ளோஸ்டு' என்று இரண்டு வார்த்தையில் மெயில் போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்ட் ஆறு மாதம் நீண்டது.

திங்கட்கிழமை பையன் மறுபடி வந்தான். "அண்ணா, நாப்பதுல பதினொண்ணு சும்மா பச்சை காட்டுது. க்ளிக் பண்ணிட்டுப் போகுதே தவிர, பில் தொகை சரியான்னு எங்கேயும் பாக்கலை. ரெக்கார்டரே விட்டுடுது. நாமதான் சேர்க்கணும்."

வாஸ்தவம். ரெக்கார்டர் நம் கையைத்தான் பதிவு பண்ணும். அந்த நேரத்தில் நம் கண் பார்த்துச் சரி என்று தலையாட்டியதைப் பதிவு பண்ணாது. அதை நாம் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் ஆபீஸிலும் இப்படிப் பச்சையாக ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், ஒருநாள் சோதனை மெஷினில் பில் தொகையை வேண்டுமென்றே தப்பாக வரும்படி செய்து பாருங்கள். சிவப்பு விழுந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அப்போதும் பச்சை என்றால், சார், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு லேட்டாகும் என்று வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.