ஒரு மயிரிழைப் பிளவு

பிள்ளைகளின் ஆசை எந்த வாயில் வழியாக வீட்டினுள் நுழையும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை. நம் இல்லத்தில் அது ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வழியாக நுழைந்தது.

நாம் கோவையில் நூற்பாலை ஒன்றில் பழுதுநீக்கும் பிரிவில் பணியாற்றியவர். 1989 ஆம் ஆண்டு வாங்கிய யமாஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியில்தான் பதினைந்து ஆண்டுகள் வேலைக்குச் சென்று வந்தோம். 2004 ஆம் ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், பாலிடெக்னிக்கில் பயின்றுவந்த நம் மகன் அருகில் வந்து நின்று, "அப்பா, அந்த வண்டியை எனக்குத் தருவீர்களா? மண்பந்தயத்துக்குத் தயார் செய்ய விரும்புகிறேன்" என்றான். இல்லத்தரசியார் அடுக்களையிலிருந்தே வேண்டாம் என்று கூறிவிட்டார். நாமும் இரண்டு நாள் வாய் திறவாதிருந்தோம். மூன்றாம் நாள், எஞ்சினைக் கழற்றும் சாவிகளை நாமே தேடி எடுத்தோம். இயந்திரத்தோடு வாழ்ந்த கை அது. வேறு என்ன செய்யும்?

மோட்டோகிராஸ் என்பது மேடும் பள்ளமும் நிறைந்த மண்திடலில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். 1924 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் நடந்த ஒரு போட்டியிலிருந்து இது வளர்ந்தது என்பர். முதலில் கனத்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளே இதில் ஆட்சி செலுத்தின. 1960 களில் எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அவற்றை முந்தின. அக்காலத்தே பெல்ஜிய நாட்டுப் பொறியியல் அறிஞரான லூசியன் டில்கென்ஸ், பந்தயம் ஓட்டும் தம் மகனுக்காக வண்டியின் பின்புறத்தில் இரண்டு ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக ஒன்றே ஒன்றை அமைத்துக் கொடுத்தார். யமாஹா நிறுவனம் அவ்வமைப்பை ஏற்றது. அதைக் கொண்டு 1973 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஹாக்கன் ஆண்டர்சன் 250 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் வென்றார். ஒரு தந்தையின் கைவேலை உலகம் முழுவதும் பரவிய வரலாற்றை மகன் நமக்குச் சொன்னபோது, அவன் நம்மை எங்கே இழுக்கிறான் என்பது விளங்கிற்று.

அந்நாட்டு வண்டிகள் பந்தயத்துக்கென்றே தொழிற்சாலையில் பிறந்தவை. நம்முடையதோ சாலை வண்டி. 98 சி.சி., பதினொரு குதிரைத் திறன், ஏறக்குறைய நூறு கிலோ எடை. எனினும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகளும் அவற்றை இயக்கும் உறுப்புகளும் இல்லாமையால், வீட்டுத் திண்ணையிலேயே பிரித்துப் பூட்டலாம். ஏழை எளியவரும் பந்தயத்தை எட்டிப் பார்க்க அது இடம் தந்தது.

வேலை தொடங்குமுன் மகன் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வந்தான். எதை மாற்றினாலும் நாள் குறித்து எழுத வேண்டும். ஒரு நாளில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் நன்மை எதனால், தீமை எதனால் என்று தெரியாமற் போகும் என்றான். ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்த நாம் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்தோம்.

முதலில் விளக்கு, இண்டிகேட்டர், நடு ஸ்டாண்டு யாவும் கழன்றன. அகலமான கைப்பிடி வந்தது. முன் போர்க்கில் கெட்டியான எண்ணெய் ஊற்றி, ஸ்பிரிங்கின் மேல் சிறு குழாய்த் துண்டு வைத்து இறுக்கினோம். பின்புறம் நீளமான ஷாக் அப்சார்பர்கள் பூட்டினோம். மண்ணைக் கவ்வும் கட்டை போட்ட டயர்களில் காற்றைப் பதினான்கு பவுண்டுக்குக் குறைத்தோம். பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கியதால் உச்ச வேகம் குறைந்தது. மேடேறும் இழுவை கூடிற்று. இவற்றுள் ஒன்றும் எஞ்சினின் திறனைக் கூட்டவில்லை. ஆயினும் வண்டி ஓட்டுபவனுக்கு அடங்கி நடந்தது. மோட்டோகிராஸ் வண்டியைச் சீர்செய்வதில் பாதி இதுவே.

மறுபாதி காற்றும் எண்ணெயும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் கிராங்க் அறையின் வழியாகவே மேலே செல்கின்றன. ஆதலின் வடிகட்டியைத் தாண்டும் தூசி நேரே பேரிங்குகளின் மீது விழும். கடற்பஞ்சு போன்ற ஃபோம் வடிகட்டியை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றினோம். எண்ணெய் பம்பை எடுத்துவிட்டு, லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெயை மகன் தன் கையாலேயே அளந்து கலந்தான். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். அதன் முனை கருத்து ஈரமாயிருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எஞ்சின் சூடேறி அழியும். காப்பிப் பொடியின் நிறம் வந்தால் நலம்.

இதோடு நின்றிருக்கலாம். திறனைக் கூட்டும் ஆசை மகனைவிட நம்மையே பற்றிக்கொண்டது. லேத்துப் பட்டறையில் சிலிண்டர் ஹெட்டைச் சிறிது சீவி அழுத்தத்தைக் கூட்டினோம். புகை வெளியேறும் துளையை அரத்தால் உயர்த்தினோம். வண்டி பாய்ந்தது. பாயும் எஞ்சினுக்குச் சூடும் அதிகம், பிழை பொறுக்கும் தன்மையோ குறைவு என்பதை நாம் அறியாதவரல்லர்.

பந்தயத்துக்கு முந்தைய இரவு. மகன் உறங்கச் சென்றுவிட்டான். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரை நாம் துடைத்துக்கொண்டிருந்தபோது, அதன் அடிப்புறத்தில் மயிரிழைபோல் ஒரு பிளவு கண்ணிற்பட்டது. கடைகள் அடைத்தாயிற்று. விடிந்தால் பந்தயம். அவனை எழுப்பிச் சொன்னால் ஓடமாட்டான். ஐந்து மாத உழைப்பு வீணாகும். பிளவின் மீது ஷெல்லாக் பூசி, கிளிப்பை இறுக்கினோம். காலையில் அவனிடம் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை.

நான்காம் சுற்றுவரை அவன் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தான். நீண்ட நேர்ப்பாதையில் ஆக்சிலேட்டரை முழுதும் முறுக்கியபோது எஞ்சினின் ஓசை திடீரென மெலிந்து, ஒரு கிறீச்சொலியோடு நின்றது. பின்சக்கரம் இறுகியது. வண்டி குறுக்கே சறுக்க, அவன் தோளின் மீது விழுந்தான். காறை எலும்பு முறிந்தது.

வீடு திரும்பியதும் நாம் தனியே ஹெட்டைக் கழற்றினோம். பிளக் முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பிஸ்டனின் பக்கங்கள் கீறிக் கிடந்தன. ஷெல்லாக் அதிர்வில் உதிர்ந்து, பிளவு விரிந்து, அதன் வழியே புகுந்த காற்று கலவையை மெலியச் செய்திருந்தது. நோய் இன்னதென்று சொல்ல வேறு மருத்துவர் வேண்டியிருக்கவில்லை.

மருத்துவமனையில் மூன்று நாட்கள் மகன் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பா, எண்ணெயை நான்தான் குறைவாக அளந்துவிட்டேனா?" முதல் நாள், "இப்போது அதைப் பற்றி என்ன?" என்றோம். இரண்டாம் நாள் பேச்சை மாற்றினோம். மூன்றாம் நாள் இரவு, இல்லத்தரசியார் நம் முகத்தைப் பார்த்து, "பிள்ளை செய்யாத தவற்றைச் சுமக்கிறான் போலிருக்கிறதே" என்று மட்டும் சொன்னார். அவர் எவ்வாறு உணர்ந்தார் என்பதை நாம் இன்றுவரை கேட்டதில்லை.

நான்காம் நாள் காலை அந்த ரப்பரை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்று அவன் கையில் வைத்தோம். "முந்தைய இரவே கண்டோம், உன்னிடம் மறைத்தோம். உன் அளவில் குறையில்லை" என்றோம். மகனிடம் மன்னிப்புக் கேட்பது எத்தனை கடினம் என்பதை அன்றுதான் அறிந்தோம். அவன் ரப்பரை வளைத்துப் பிளவை வெகுநேரம் பார்த்தான். கோபித்துக்கொள்வான் என்று காத்திருந்தோம். "நோட்டு எங்கே, அப்பா?" என்றான்.

வலக்கை கட்டிலிருந்ததால் இடக்கையால் கோணல் மாணலாக எழுதினான்: "இணைப்பு ரப்பரில் பிளவு. கண்டவர் அப்பா." பந்தய நாளுக்கு முந்தைய தேதியையே அதற்கு இட்டான். பிறகு நோட்டை நம் பக்கம் தள்ளி, "இனிமேல் கண்டதை எல்லாம் இருவரும் எழுதுவோம்" என்றான். அவ்வளவே. தண்டனையும் மன்னிப்பும் அவ்வொரு வரியில் அடங்கியிருந்தன.

எலும்பு கூடியபின் சிலிண்டருக்குப் போர் போட்டு, அளவு கூடிய பிஸ்டன் பொருத்தினோம். சீவிய ஹெட்டை ஒதுக்கிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பினோம். புதிய ரப்பர் இரண்டு வாங்கினோம், ஒன்று கையிருப்புக்கு. மறு ஆண்டு அவன் எட்டாவதாக வந்தான். பரிசு ஏதும் இல்லை. முழுச் சுற்றும் ஓடி முடித்த வண்டி, தன் காலாலேயே வீடு வந்தது.

அவ்வண்டி இன்றும் நம் பின்கட்டில் நிற்கிறது. மகனுக்கு இப்போது பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு. இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலியும். பழைய ரப்பரும் விரைவில் கெடும். அன்று பிளவு செய்ததை இன்று எரிபொருளே செய்யக்கூடும். சென்ற மாதம் மகன் வந்திருந்தபோது இருவருமாக ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, பிளக்கின் நிறம் பார்த்தோம்.

அந்நோட்டு முடிந்து மூன்றாவது நோட்டு ஓடுகிறது. கண் மங்கிவிட்டதால் இப்போது நாம் சொல்ல மகன் எழுதுகிறான். எதைக் கண்டாலும் சொல்லிவிடுகிறோம்.