மிக்ஸி மேல் விழுந்த பழி

“மிக்ஸியப் போட்டா டிரிப்பர் விழுந்துடுது தம்பி.”

போனில் அந்த அம்மா சொன்ன புகார் இவ்வளவுதான். வயர்மேன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. “மழைக்கு முன்னாடி விழுந்துச்சாம்மா?” என்றார். “இல்லையே, தீபாவளிக்கு அரைக்கறப்பதான் ஆரம்பிச்சுது.” அவர் ம்ம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கும்பகோணத்தில் ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தது. நான் அவரோடு சுற்றத் தொடங்கி அது நான்காவது நாள். கூடவே ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அவரிடம் கைவேலை பழகும் ஒரு பையன். முதல் நாளே பையனும் நானும் சேர்ந்து ஏமாந்திருந்தோம். ஒரு வீட்டில் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தது. “ரெண்டுலயும் லைன் வருதுண்ணே” என்றான் பையன். அண்ணன் டெஸ்ட் லாம்பை எடுத்து, அதன் இரண்டு ஒயரையும் இரண்டு ஓட்டையிலும் சொருகினார். குண்டு பல்பு எரியவில்லை. வழியில் எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. போட்டபடி இருந்த ஃபேனின் காயில் வழியாக லைன் சுற்றி வந்து, நியூட்ரல் ஓட்டையிலும் நின்றுகொண்டிருக்கிறது. டெஸ்டரில் இருக்கும் சின்ன நியான் விளக்குக்கு அது போதும். “டெஸ்டர் ஆள் இருக்கான்னு மட்டுந்தான் சொல்லும். யாருன்னு கேட்டா அதுக்குத் தெரியாது” என்றார் அண்ணன்.

மிக்ஸி வீடு பழைய ஓட்டு வீடு. முன்பக்கம் திண்ணை, ரேழி, கூடம். பின்னால் பிற்காலத்தில் கட்டிச் சேர்த்த கான்கிரீட் அறைகள். அடுக்களை மேடையில் இரண்டு மிக்ஸி இருந்தன. பழையதைக் கடையில் கொடுத்துக் கார்பன் மாற்றி, அப்புறம் காயில் கட்டி, அதற்கும் டிரிப்பர் விழுந்ததால் புதிதாகவே ஒன்று வாங்கிவிட்டார்கள். அதற்கும் விழுந்தது.

அண்ணன் இரண்டையுமே தொடவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கூடத்துப் பிளக்கில் போடச் சொன்னார். டப்பென்று விழுந்தது. “மிக்ஸிய விடுங்க. அது பாவம்.”

டிரிப்பர் என்று நாம் சொல்லும் ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே ஒரு கணக்கு. லைனில் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் வீட்டையே அறுத்துவிடும். அந்த அளவு ஆளின் உடம்பு வழியே ஓடினால் உயிருக்கே ஆபத்து. பழைய 5 ஆம்பியர் ஃப்யூஸ் அதைக் கண்டுகொள்ளக்கூடச் செய்யாது. 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். திரும்பும் அந்த மூன்றில் நூறில் ஒரு பங்கு வேறு வழியில் போய்விட்டாலே போதும். விளக்கு மட்டும் எரியும்போது திரும்புவதே கொஞ்சம். வழிமாறுவது அதிலும் கொஞ்சம். அதனால் விழவில்லை. ஆக, லோடு கூடினால் விழுகிறது, எந்த லோடு என்பது கணக்கில்லை என்றால், எங்கோ ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. அது எந்த அறையிலும் இருக்கலாம். மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தும் பயனில்லை. அது லைனைத்தான் வெட்டும், நியூட்ரல்கள் எல்லாம் ஒரே பட்டையில் கோத்தபடியே கிடக்கும்.

மீட்டருக்குப் பக்கத்திலிருந்த ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடியும்வரை அது அங்கேயேதான் இருக்கும். ‘கரன்ட் இல்லையே’ என்று யாராவது நல்ல மனசோடு மாட்டிவிடுவார்கள் என்ற பயம். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் பையன் பிடுங்கினான். ஏனென்றால் அடுத்து வெளியே வந்தது மெக்கர். கைப்பிடியைச் சுற்றினால் 500 வோல்ட் கிளப்பி, ஒயரின் மேல்தோல் தாங்குகிறதா என்று பார்க்கும் பெட்டி.

மெயின் போர்டைத் திறந்தால் நியூட்ரல் பட்டையில் ஐந்து ஒயர். மூன்று கருப்பு, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சிவப்பு! லைனுக்கு உரிய நிறம். ஒயரிங் செய்தவருக்கு அன்றைக்குக் கருப்புச் சுருள் தீர்ந்திருக்கும். கடைக்குப் போகச் சோம்பல் பட்டிருப்பார். பையன் அதைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தான். அண்ணன் தடுத்தார். “திட்டாத. அவர் என்ன நெனச்சு இழுத்தார்னு யோசி. அதத்தான் கண்டுபிடிக்கணும்.”

இந்த வேலையின் முக்கால் பங்கு இதுதான் என்று எனக்கு அப்போது பட்டது. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒயரிங் வரைபடம் என்று ஒரு காகிதம் கிடையாது. கட்டியவர் சொன்னார், வயர்மேன் சுவரைக் கொத்திக் குழாயைப் பதித்தார், மேஸ்திரி பூசி மூடினார். இந்த வீட்டிலோ கூடத்து உத்தரத்தில் தகரக் கிளிப் அடித்த ரீப்பர் ஒயரிங் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து ஒன்று பின்கட்டின் சுவருக்குள் இறங்குகிறது. குறைந்தது மூன்று பேரின் கை.

ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றி எர்த்துக்கும் அதற்கும் மெக்கர் வைத்தார்கள். நான்கில் முள் கடைசிக்கு ஓடியது. ஐந்தாவதில் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. அந்தச் சிவப்புத்தான். பையன் என்னைப் பார்த்து, ‘சொன்னேனா இல்லையா’ என்பதுபோல் சிரித்தான்.

சிவப்பு ஒயர் எங்கெங்கே போகிறது? ரேழி, கூடத்தில் பாதி, பின்கட்டு, கொல்லை விளக்கு. நானாக இருந்தால் ரேழியில் தொடங்கியிருப்பேன். அண்ணன் நேரே நடுவிலிருந்த ஜங்ஷன் பாக்ஸுக்கு ஏணி போட்டார். முறுக்கைப் பிரித்து இரு பக்கமும் மெக்கர் வைத்தார். முன்பக்கம் சுத்தம். ஒரே சோதனையில் பாதி வீடு கழிந்தது.

“சமீபத்துல சுவத்துல ஆணி கீணி அடிச்சீங்களாம்மா? யாராச்சும் போர்டத் தொறந்தாங்களா?”

“ஒருத்தரும் தொறக்கல.” காபியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்ன அந்த அம்மா, டம்ளர் கைமாறும்போது நிறுத்தினார். “பேரன் காதுகுத்துக்கு சித்திரைல பெயின்ட் அடிச்சோம். அப்ப கழட்டி மாட்டினாங்க.”

பின்கட்டு முதல் அறையின் சுவிட்ச் போர்டைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. நான்கு ஸ்குரூவில் ஒன்று மட்டும் நீளம். பெயின்டர் பழையதைத் தொலைத்துவிட்டுக் கிடைத்ததை முடுக்கியிருக்கிறார். அதன் கூர் இரும்புப் பெட்டிக்குள் சிவப்பு ஒயரின் தோலைக் கிழித்து உள்ளே நின்றிருந்தது. பெட்டிக்கு எர்த் கொடுத்திருந்தார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. சித்திரையில் குத்திய ஸ்குரூ, ஐப்பசிவரை எப்படிச் சும்மா இருந்தது? அண்ணன் பதில் சொல்லாமல் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கிணற்றடிக்குத் தள்ளி எர்த்துக் குழி. கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி மூடியது; அதற்கப்புறம் யாரும் தண்ணீர் காட்டவில்லை. கோடை முழுக்க மண் காய்ந்து கிடந்ததில், வழிமாறிய மின்சாரம் மண்ணுக்குள் இறங்க முடியாமல் கசிந்தது கொஞ்சமே. மழை பெய்து மண் ஊறியதும் எர்த் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. கசிவு 30-ஐத் தாண்டியது. ஆக, எர்த் கெட்டிருந்தவரை வீடு நிம்மதியாக இருந்திருக்கிறது! அந்த ஆறு மாதத்தில் கிரைண்டரின் உடம்பில் லைன் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

கிழிந்த இடத்தை வெட்டி, புது முறுக்குப் போட்டு, டேப் சுற்றி, குட்டை ஸ்குரூ மாட்ட ஐந்து நிமிடம். தேடியது ஒன்பதரையிலிருந்து ஒன்றே கால் வரை. கூலி சொன்னதும் அந்த அம்மா, “ஒரு ஸ்குரூவுக்கா தம்பி?” என்றார். கோபமில்லை, நிஜமான ஆச்சரியம். மிக்ஸிக் கடையில் பேரம் பேசாமல் கொடுத்திருந்தார். அங்கே கழற்றிய பழைய காயிலைப் பொட்டலம் கட்டிக் கையில் தந்தார்களாம். இங்கே காட்ட என்ன இருக்கிறது? அண்ணன் கேட்டதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

கிளம்பும்முன் பையன் மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதினான். அடுக்களை. கூடம். மோட்டார். சிவப்பு: நியூட்ரல், ரேழி – ஸ்டோர் ரூம் – கொல்லை. பக்கத்தில் வந்து கண்ணாடியைச் சரிசெய்து படித்த அந்த அம்மா, “ஸ்டோர் ரூமா? அது அத்தை ரூம்” என்றார்.

அத்தை காலமாகிப் பல வருஷமாம். இப்போது அங்கே அரிசி மூட்டையும் பழைய தொட்டிலும்தான்.

“அடுத்து வர்ற வயர்மேனுக்கு அத்தை யாருன்னு தெரியாதேம்மா” என்றான் பையன்.

“வர்றவன் என்கிட்ட கேட்கட்டும்.”

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஃப்யூஸ் கேரியரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே, “அப்படியே எழுது” என்றார்.