மெழுகு நூல்

பேரன் தன் கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் தொங்கிய ஒயர்களையெல்லாம் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டு, "எப்படித் தாத்தா?" என்றான். நல்லாத்தான் இருக்கு என்றேன். வெட்டிய முனை உரசி என் புறங்கையில் ரத்தக் கோடு விழுந்ததைச் சொல்லவில்லை.

நான் தொலைபேசி இலாகாவில் சேர்ந்தது 1974-இல். எங்கள் எக்ஸ்சேஞ்சில் அப்போது இந்த டையைக் கண்ணால் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 1958-லேயே வந்துவிட்டது. தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனிக்காரரான மாரஸ் லோகன், போயிங் விமானத் தொழிற்சாலையில் நூலால் ஒயர் கட்டுகிறவர்களின் கை படும் பாட்டைப் பார்த்துவிட்டுச் செய்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நூல் அறுத்த தழும்பு என் ஆள்காட்டி விரல் மடிப்பில் இன்னும் இருக்கிறது.

கேபிளின் மேலுறையை உரித்தால் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. அவற்றோடு ஜோடி சேர நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். ஐயைந்து 25 ஜோடி. ஒவ்வொரு ஜோடியையும் அது போய்ச் சேரும் இடத்துக்கு நேராக வெளியே எடுத்துவிட்டு, நடுத்தண்டை மெழுகு நூலால் கட்டிக்கொண்டே போக வேண்டும். மெழுகு எதற்கென்றால், போட்ட முடிச்சு வழுக்காமல் நிற்கத்தான்.

முதல் முறை ஒரு முழுக் காலையும் உட்கார்ந்து கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. மூத்த மெக்கானிக் வந்தார், ஒன்றும் பேசாமல் நடுவில் ஓரிடத்தில் நூலை பிளேடால் நறுக்கினார். இரண்டு பக்கமும் சரசரவென்று தளர்ந்து ஒயர்கள் பொலபொலவெனப் பிரிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்க வீட்ல பூக் கட்ட மாட்டாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது! அன்று சாயங்காலம் அம்மா மல்லிகை கட்டும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஊசியில் கோத்த மாலை நூல் அறுந்தால் பூவெல்லாம் தரையில். கட்டிய சரத்தை முழம் முழமாக நறுக்கி விற்கிறார்கள், ஒரு பூ உதிர்வதில்லை. இரண்டிரண்டு பூவுக்கும் தனி முடிச்சு. பக்கத்து முடிச்சை நம்பி ஒன்றும் நிற்பதில்லை.

ஒயர்க் கட்டிலும் அதே சூட்சுமம்தான். மேற்கொண்டு போகிற நூல் வளையத்துக்கு மேலே போனால் வெறும் சுருக்கு. அடியில் நுழைந்து வெளிவந்தால், வளையமே அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பென்சிலில் கட்டிவிட்டு உருவிப் பாருங்கள்: முன்னது வெறும் நூலாகிவிடும், பின்னதில் முடிச்சு விழுந்திருக்கும். செவ்வாயில் 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி வண்டியின் ஒயர்களையும் இப்படி நூலால்தான் கட்டியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தபோது அந்த மெக்கானிக்கை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் கற்ற இன்னொன்று, இறுக்கம். அதிகம் இழுத்தால் காம்பு நறுங்கி, விடிவதற்குள் பூ கறுத்துவிடும். ஒயரின் உறையும் அப்படித்தான் நசுங்கும். ஒயர் அசையக் கூடாது, உறையில் தடமும் விழக் கூடாது. கைக்கு இது பழக ஒரு வருஷம் ஆனது. பையன் விஷயத்தில் முப்பது வருஷமாகியும் பழகவில்லை. அவன் என்ன படிக்க வேண்டும் என்பதில் நான் இழுத்த இழுப்பில் இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சே இல்லை.

பேரன் காலேஜுக்குப் போனதும் அந்த டைகளைக் கத்தரித்துப் போட்டுவிட்டு நூலால் கட்டினேன். கண் சரியாகத் தெரியவில்லை. விரல் தானாகப் போனது. பாதியில் இருக்கும்போது சமையலறையிலிருந்து சத்தம் வந்தது: "பூக் கட்டுற நூலை எடுத்தது யாரு?"