பெயர் எழுதாத வெள்ளிப் பாதங்கள்

பைபிளை ஒரே வருடத்தில் வாசித்து முடிக்க வேண்டும் என்று ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்குகிறவர்கள் பலர், யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் வந்ததும் திணறுவார்கள். செங்கடல் பிளந்த விறுவிறுப்பு முடிந்து, ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் ஆரம்பித்திருக்கும். பெட்டியின் நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம். மூடுதிரைகள் 10, ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். இணைப்பதற்கு 50 பொன் கொக்கிகள். கடவுளுக்கு எதற்கு இத்தனை கணக்கு என்று தோன்றும்.

எங்கள் அம்மா மட்டும் அந்தப் பக்கங்களை ரசித்து வாசிப்பார். கடம்பூரில் ஜாக்கெட் தைத்து எங்களை வளர்த்தவர். "அளவு எடுக்காமத் தைச்சா, அந்த ஆளை நாம சரியாப் பார்க்கலைன்னுதான் அர்த்தம்" என்பார்.

பெட்டிக்குச் சொல்லப்பட்டது சீத்திம் மரம். நம் கரிசலில் நிற்கிற கருவேலுக்கும் உடைமரத்துக்கும் சொந்தம் அது. கைக்கு எட்டிய அந்த முள்மரத்தைத்தான் இழைத்துப் பொன்தகட்டால் மூடச் சொன்னார் கடவுள். ஆட்டுமயிரைத் திரித்தவர்கள் பெண்கள். பெண்கள் முகம் பார்த்த கண்ணாடிகளிலிருந்து வெண்கலத் தொட்டி உருவானது. பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது, பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்வதற்காக.

எங்கள் ஆலயத்தை ஒருமுறை புதுப்பித்தார்கள். ஃபேன், டியூப்லைட், கதவு என எல்லாவற்றிலும் உபயம் செய்தவர் பெயர். வருடக்கணக்காகப் பீட விரிப்பு தைத்துக் கொடுத்த அம்மாவின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை. "நீயும் கேளேன்மா" என்றேன்.

அம்மா 38-ஆம் அதிகாரத்தைப் பிரித்துக் காட்டினார். 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 6,03,550 பேர், ஆளுக்கு அரைச்சேக்கல் வெள்ளி கொடுத்தார்கள். பணக்காரர் கூட்டக் கூடாது, ஏழை குறைக்கக் கூடாது. அந்த வெள்ளியில் 100 பாதங்களை வார்த்தார்கள். கணக்குப் போட்டால், ஒரு பாதத்துக்கு 6,000 பேரின் காசு. பொன் போர்த்திய பலகைகள் எல்லாம் அவற்றின் மேல்தான் நின்றன.

"இதுல எந்தப் பாதத்துல யார் பேரு இருக்கு, சொல்லு" என்றார்.

பக்கத்துக் காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் பணி செய்த ஊர். ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருவார்கள். ஆலயத்தின் உயரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். அதைத் தாங்குகிற அஸ்திவாரக் கல்லை யாரும் பார்ப்பதில்லை. கல் தாங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் அம்மா சொல்வார். கூடாரத்துக்குக் கட்டளை வந்ததற்கும் வேலை தொடங்கியதற்கும் நடுவே 32-ஆம் அதிகாரம் இருக்கிறது. மோசே இறங்கி வரத் தாமதமானதும் பொறுமையிழந்த ஜனங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். பொன் கன்றுக்குட்டி தயாராகிவிட்டது. அதற்கு ஒரு முழக்கணக்கும் எழுதப்படவில்லை. அவசரத்தில் செய்வதற்கு அளவு எதற்கு? காத்திருந்து, கேட்டு, கேட்டபடி செய்கிறவனுக்குத்தான் அளவு வேண்டும்.

அம்மா இப்போது இல்லை. போன மாதம் பழைய பீட விரிப்பைத் திருப்பிப் பார்த்தேன். யார் கண்ணிலும் படாத உள்பக்கத் தையலும் வெளிப்பக்கம் போலவே நேராக இருந்தது.

வருகிற அசனப் பண்டிகைக்குப் புது விரிப்பு நான்தான் தைக்கிறேன். முதல் வேலையாகப் பீடத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டேன்.